அரக்கனின் கிளியும் ஒரு பஸ் டிக்கெட்டும்

இருபது வயது வரை, வலிப்பது என் பல்லா தம்பியின் பல்லா என்று எனக்கே சரியாகத் தெரியாது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தம்பிக்குக் கடைவாய்ப் பல் சொத்தையானபோது என் தாடையும் சேர்ந்து வீங்கியது. அம்மா முதலில் என்னைத்தான் செங்கல்பட்டு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்லில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். தம்பியின் பல்லைப் பிடுங்கிய அன்று மாலையே என் வீக்கம் வடிந்தது. வீட்டில் இதை வியாதி என்றும் நினைக்கவில்லை, வரம் என்றும் கொண்டாடவில்லை. "அவ எதிர்ல அழாத. அவளும் கூட ஒக்காந்து அழுவா, ரெண்டு பேர் சோறும் ஆறிப்பூடும்" என்று தம்பியிடம் சொல்வதோடு அம்மா விட்டுவிட்டார்.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மாமல்லபுரத்தில், கடற்கரைக்குப் போகும் வழியில் சிப்பிக் கடை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்னைக் கொஞ்ச நாள் கடையில் உட்கார வைத்துப் பார்த்தார். வாங்க வந்தவர் முகம் வாடினால் நான் விலையைக் குறைத்துவிடுவேன். ஒருநாள் தனியாக வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்ததும், சொந்த ஊரிலேயே இருந்த எனக்கு ஊர் ஏக்கம் வந்தது. ஊர் நினைப்பில் இருந்தாள் போலிருக்கிறது. ஒரு வலம்புரி மாதிரிச் சங்கை அவள் கையில் சும்மாவே வைத்து அனுப்பிவிட்டேன். "நீ கடையில இருந்தா கடை இருக்காது" என்று அத்தா அன்றே என்னைப் பின்கட்டுப் பட்டறைக்கு மாற்றினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கீற்றுக் கொட்டகை. ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சோழியும் சிப்பியும் கோத்து, மாலையும் வாசலுக்குத் தொங்கவிடும் திரையும் செய்வோம். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி கதை படிக்க வேண்டும், அவள் பங்கு மாலையை மற்ற ஐந்து பேரும் பிரித்துக் கோத்துவிடுவார்கள். ஓரளவு குரலும் எழுத்துக்கூட்டாத படிப்பும் இருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த பைண்டு புத்தகங்கள்தான் படிப்போம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு அருகே அவற்றை வாடகைக்கு விடும் ஒரு கடை இருந்தது. கடைக்காரர் புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி மாமல்லபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து விடுவார். நடுப்பகல் வண்டியில் அது வந்து சேரும். நானும், அந்த ஐந்து பேரில் என் வயதுக்காரியான குப்பத்துத் தோழியும் போய் வாங்கி வருவோம்.

அந்த கண்டக்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டுப் பள்ளிவாசல் பக்கத்து ஆள், இருபத்தைந்து வயதிருக்கும். புத்தகத்தை நீட்டும்போது, "இன்னா, போன கதை நல்லா இருந்துச்சா?" என்பார். நான் "இருந்துச்சு" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் அவர் எதிரே நின்றால் எனக்குள் ஒரு அமைதி. யாரைப் பார்த்தாலும் அவர்கள் கவலை, பசி, எரிச்சல் எல்லாம் எனக்குள் இரைந்துகொண்டே இருக்கும். ரைஸ் மில் நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் அது ஓடியதே காதுக்குத் தெரியும் அல்லவா, அவர் பக்கத்தில் அப்படி. அந்த மனுஷன் மனசில் என்ன இருக்கிறதென்று எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு இருபது வயதான வருஷம் வந்த ஒரு பைண்டு புத்தகம், நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ராஜகுமாரியை அரக்கன் தூக்கிப் போகிறான். அவன் உயிர் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளியின் உடம்பில் இருக்கிறது. அவள் ஆசையாகப் பேசி அந்த ரகசியத்தை வாங்கி ராஜகுமாரனிடம் சொல்கிறாள். அவன் கிளியைப் பிடித்து, இறக்கையைப் பிய்த்து, காலை ஒடித்து, கழுத்தைத் திருகுகிறான். யாரோ இதை இழு இழுவென்று இழுத்து முப்பது வாரம் எழுதியிருந்தார்கள். கிளி சாகும் அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வண்டி நிற்கும் நேரங்களில் கண்டக்டர் இதைப் படித்திருக்கிறார். சரியாக அந்த இடத்தில், அதற்கு மேல் படிக்க முடியாமல் நிறுத்தியிருக்கிறார். என்னாலும் முடியவில்லை, இறக்கையைப் பிய்க்கும் வரி கண்ணில் பட்டதுமே தோள்பட்டை விண்ணென்றது. இந்த உலகத்தில் என்னைப் போல இன்னொரு ஆள் இருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

புத்தகத்தை மூடிவிட்டு நானாகவே கதை சொல்ல ஆரம்பித்தேன். என் ராஜகுமாரிக்கு என் கோளாறையே கொடுத்தேன். ராஜகுமாரன் கிளியின் இறக்கையைத் திருகினால் அவள் கை திருகுகிறது. அரக்கன் கோட்டைக்குள் துடித்தால் இவள் நெஞ்சு துடிக்கிறது. ராஜகுமாரனின் ஆசையும் இவளுக்குள் ஆசையாகவே கொதிக்கிறது. பாவம், அவள் யாரைத்தான் காதலிக்கிறாள்?

பட்டறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. "கிளிய கொன்னாத்தாண்டி அரக்கன் சாவான், நீ பொய் படிக்கிற" என்று மூன்று பேர். "அரக்கனாவது உள்ளத சொன்னான், ராஜகுமாரன் இன்னா பண்ணான்?" என்று இரண்டு பேர். நான்கு நாள் சண்டை. ஐந்தாம் நாள் குப்பத்துத் தோழி சோழியைக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்கும் நோவுது, அவளுக்கும் நோவுது. சரி, ஒத்துக்கறேன். அவளுக்கு இன்னாடி வேணும்? அத்த சொல்லு மொதல்ல."

தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

அதே வாரம் எனக்குச் சம்பந்தம் பேசி முடித்தார்கள். செங்கல்பட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பேஜாரே. அத்தா மாதக்கணக்கில் என்னை நினைத்துச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர், அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் நெஞ்சு லேசானதும் என் நெஞ்சும் லேசானது. அம்மா பூரித்தார், நானும் பூரித்தேன். பத்து நாள் நான் வீட்டில் பாடிக்கொண்டே திரிந்தேன்.

"ஒனக்கு அவ்ளோ சந்தோஷமா?" என்று தோழி கேட்டாள். அவள் முகத்தில் சந்தோஷமில்லை. உடனே எனக்கும் இல்லாமல் போனது. அப்போதுதான் பயந்தேன். எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்களுடைய மனசுதான் எனக்கு மனசா?

மறுநாள் மத்தியானம் அவளை இழுத்துக்கொண்டு ஊருக்குத் தெற்கே சவுக்குத் தோப்புக்குப் போனேன். "நீ இங்கயே நில்லு, கூப்பிட்டாலும் வராத" என்று சொல்லி நான் மட்டும் கடலோரம் தூரமாக நடந்தேன். கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. ஈர மணலில் உட்கார்ந்தேன். அத்தாவின் நிம்மதி வடிந்தது, அம்மாவின் பூரிப்பு வடிந்தது. மிஞ்சியது இரண்டே இரண்டு. ஒன்று கோபம், என்னை யாரும் கேட்கவில்லையே என்று. இன்னொன்று அந்த டிக்கெட். எனக்கு அந்த ஆள்தான் வேண்டும். வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன், உண்மையாகத்தான் இருந்தது.

எங்கள் கல்யாணங்களில் ஒரு வழக்கம். நிக்காஹ் அன்று, பெண்ணின் சார்பில் பேசும் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண்கள் பக்கம் வந்து, "இன்னாருக்கு உன்னை மணமுடித்துக் கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்பார்கள். பெண் தலையைக் குனிந்திருப்பாள். பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவோ சின்னம்மாவோ "சம்மதமாம்" என்று சொல்லிவிடுவார்கள். என் பெரியம்மா மகள் அலுப்பில் தூங்கியே போயிருந்தாள், அவளுக்கும் சம்மதம் என்று பதிவேட்டில் எழுதியாகிவிட்டது. அன்றைக்கு அத்தாவின் முகம் எதிரில் இருந்தால் நானும் தலையைத்தான் குனிவேன் என்று தெரியும். அதனால் முன்கூட்டியே அந்தக் கேள்வியை வரவழைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் விற்காமல் போன ஒரு சிப்பித் திரை தொங்கும். அதற்குப் பின்னால் நின்றுகொண்டு அத்தாவைக் கூப்பிட்டேன்.

"அங்கயே நில்லுங்க அத்தா. உள்ள வராதீங்க."

"இன்னாம்மா?"

"நிக்காஹ் அன்னிக்கு வக்கீல் என்னை ஒண்ணு கேப்பாரு இல்ல? அத்த இப்ப நீங்க கேளுங்க."

சிரித்தார். "ஒனக்கு இன்னா, பைத்தியமா?"

"கேளுங்க அத்தா."

விளையாட்டு என்று நினைத்துத்தான் கேட்டார். "செங்கல்பட்டு மாப்பிள்ளைக்கு ஒன்ன கட்டிக்குடுக்க ஒனக்கு சம்மதமா?"

"சம்மதமில்ல."

சிப்பித் திரை எதையும் முழுசாகத் தடுத்துவிடாது. அவர் நெஞ்சு இறுகியது என் நெஞ்சில் வந்து இறுகியது. வாய்வரை "சும்மா சொன்னேன் அத்தா" என்று வந்துவிட்டது. கையில் இருந்த சோழியை உள்ளங்கையில் பதியும்படி அழுத்தினேன். இது அவர் வலி, என்னுடையது இல்லை, இதற்காக என் சொல்லை மாற்ற மாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

"வேற யாரு?" என்றார் கடைசியில்.

"புக்கு கொண்டாற கண்டக்டரு."

"அவன் ஒங்கிட்ட இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. கதையில டிக்கெட் வெச்சிருந்தாரு."

இதை இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. அத்தா தானே செங்கல்பட்டு போய், மாப்பிள்ளை வீட்டில் தலைகுனிந்து நின்று, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த அவமானம் என் முகத்திலும் எரிந்தது. ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை, புத்தகம் வருவதும் நின்றது.

பட்டறையில் மட்டும் கதையை முடித்துக் கொடுத்தேன். ராஜகுமாரி கூண்டோடு கிளியை ராஜகுமாரனிடமிருந்து பிடுங்கி, அரக்கன் கையிலேயே கொடுத்துவிடுகிறாள். "உன் உயிரை நீயே வெச்சுக்கோ, என்னால சுமக்க முடியாது" என்கிறாள். கை வலி நின்றுவிடுகிறது. பிறகு தனக்கென்று ஒரு படகு கேட்கிறாள். தோழி "ம்" என்று சோழியைக் கையில் எடுத்தாள். அவளிடம் அதுவே பெரிய பாராட்டு.

ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு, அத்தா கண்டக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தார். நான் திரைக்குப் பின்னால். எனக்குப் பின்னால் தோழி.

"எம் பொண்ணுக்கும் ஒனக்கும் இன்னா?" என்றார் அத்தா.

கண்டக்டர் மிரண்டுவிட்டார். "ஒண்ணும் இல்ல பாய். கடைக்காரரு குடுப்பாரு, நான் கொண்டாந்து குடுப்பேன்."

நான் உள்ளேயிருந்து கேட்டேன். "கிளி கதையில டிக்கெட் வெச்சீங்களே, ஏன் அந்த எடத்துல வெச்சீங்க?"

கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம், கேள்வியிலேயே என்ன பதில் வேண்டுமென்று எழுதி ஒட்டியிருந்தது. அவர் சொன்னார்: "அதுவா? அங்க படிக்கறப்ப மாமல்லபுரம் வந்துடுச்சு. எறங்கணுமே, அதான் வெச்சு மூடினேன்."

தோழி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அத்தா என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா?" என்றார். அவரிடமிருந்து நிம்மதி கிளம்பி வந்தது. எனக்குக் காலடி மண் போய்விட்டது. ஒரு நல்ல சம்பந்தத்தை உடைத்திருக்கிறேன், அத்தாவைப் பிறத்தியார் வாசலில் குனிய வைத்திருக்கிறேன், எல்லாம் ஒரு பஸ் நின்ற இடத்தை நம்பி. ஊரார் மனசெல்லாம் படித்தவள் இந்த ஒன்றைத் தப்பாகப் படித்துவிட்டேன்.

ஆனால் அந்த அமைதி அங்கேயேதான் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவர் நிற்க, இந்தப் பக்கம் எனக்கு என் மனசு மட்டும் கேட்டது. அது கடலோரத்தில் சொன்னதையேதான் சொன்னது. டிக்கெட் பொய்யாகப் போகட்டும். நான் திரையை விலக்கவில்லை, குரலை மட்டும் உயர்த்தினேன்.

"சரி, அது என் தப்பு. இப்ப நான் கேக்கறேன். என்னைக் கட்டிக்க ஒங்களுக்கு சம்மதமா?"

அத்தா "ஏய்!" என்றார். கண்டக்டர் மனசில் என்ன ஓடுகிறதென்று எனக்குத் தெரியவில்லை. மற்ற மனுஷர்கள் எல்லாம் காலம் காலமாக இப்படித்தான் பதிலுக்குக் காத்திருக்கிறார்களா என்று நினைத்தேன். கொடுமையாக இருந்தது.

"மூணு மணி வண்டிய எடுக்கணும்" என்றார் அவர். போய்விட்டார்.

அன்று பொழுது சாயும் வரை நான் பட்டறையில் மாலைதான் கோத்தேன். ஒருத்தியும் என்னைக் கதை கேட்கவில்லை. மறுநாள் நடுப்பகல் வண்டியில் அவர் வந்தார். காக்கிச் சட்டை இல்லை, வெள்ளைச் சட்டை. கூடவே அவருடைய அம்மா. அத்தாவுக்கு சலாம் சொல்லிவிட்டு, திரையைப் பார்த்துச் சொன்னார்: "வூட்ல கேக்காம சொல்லக் கூடாதேன்னு போனேன். எனக்கு சம்மதம். அந்தப் புக்க ராத்திரி வாங்கி முழுசா படிச்சிட்டேன். ஆனா கிளிய கொன்னதுல எனக்கு ஒண்ணும் தப்பா தெர்ல."

"அத்த பத்தி அப்புறம் சண்ட போட்டுக்கலாம்" என்றேன். இன்றுவரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அத்தா சம்மதிக்க இன்னும் நான்கு மாதமானது. கண்டக்டர் வேலை நிலையில்லை என்றார், ஊர் சிரிக்கும் என்றார். அவர் வருத்தம் ஒவ்வொன்றும் என் வயிற்றில் வந்து விழுந்தது. அது வந்த வழியே போகட்டும் என்று விட்டேன், பதிலை மட்டும் மாற்றவில்லை.

நிக்காஹ் அன்று வீடு நிறைய ஆட்கள். நான் உள்ளறையில், பெண்கள் நடுவில். வக்கீலும் இரண்டு சாட்சிகளும் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். என் பெரியம்மா வழக்கப்படி வாயைத் திறந்தார். நான் அவர் வாயை என் மருதாணிக் கையால் பொத்தினேன்.

"சம்மதம்" என்றேன். பட்டறையில் படித்துப் பழகிய குரல் அது, வாசல் பந்தல் வரைக்கும் போனது. பெண்கள் திகைத்தார்கள். பந்தலில் யாரோ, "இன்னாப்பா இது, பொண்ணு கத்துது" என்று முனகியது கேட்டது. அடுத்தது என் அத்தாவின் குரல்.

"எம் பொண்ணே சொல்லிச்சு, காதுல விழுந்திச்சில்ல? எழுதிக்குங்க."