சம்பந்தி வீட்டு நெய்

சம்பந்தி வீட்டில் நெய் வேண்டாமென்றால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாள் சுலோச்சனா. மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லவும் கூச்சம். எடை குறைய டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அது. சாப்பாட்டில் எண்ணெய், நெய்யைக் குறைத்துக்கொண்டு வேளைக்கு ஒன்றுதான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். இவளோ, இரண்டு போட்டால் நெய் முழுவதையும் உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும் என்று தானாகக் கணக்குப் போட்டாள். காங்கேயத்தில் சம்பந்தியம்மா மயிலாத்தாள், அரிசிம்பருப்புச் சோற்றில் மூன்று கரண்டி நெய் ஊற்றினார். சுலோச்சனா இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுக்காமல் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, சோபாவில் உட்கார்ந்திருந்தபோது சேலை நனைந்தது. உடம்பில் சேராத நெய்யெல்லாம் அடக்க முடியாமல் எண்ணெயாகக் கசிந்திருந்தது.

“ஏனுங்க சம்பந்தி, போட்டோ எடுக்கோணும், எந்திரிச்சு வாங்க” என்று மயிலாத்தாள் கூப்பிட்டார்.

“கால் மரத்துப்போச்சுங்க.”

“ஏம்மா, புடிச்சு வெச்ச புள்ளையாராட்டம் உக்காந்துட்டே?” என்று மகள் நந்திதா சிரித்தாள். மருமகன் கைகொடுக்க வந்தான். சுலோச்சனாவுக்கு அழுகை முட்டியது. மயிலாத்தாளைக் குனியச் சொல்லிக் காதில் எல்லாவற்றையும் சொன்னாள்.

மயிலாத்தாள் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். தன் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊத்தியிருப்பனுங்களா? அத்தனை கொடியவளா நானு?”

சோபா உறையைக் கழற்றிய மயிலாத்தாளின் கையிலிருந்து சுலோச்சனா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“உடுங்க, நானே தொவைச்சுப்போடறேன்.”