பாரந்தூக்கியிலிருந்து இறங்கி வந்த ஆசிரியர்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, பிடோக்கில் நான் வேலை பார்த்த பாலர் பள்ளியில், பிள்ளைகள் பால் குடித்து முடித்த மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. பயிற்சிக் காலத்துத் தோழர்களின் குழுவில் ஒரே ஒரு வரி: "பரமசிவம் அண்ணன் மாரடைப்பில் காலமாகிவிட்டார்." ஐம்பத்தாறு வயது. முந்தின நாள்கூட வகுப்பு எடுத்திருக்கிறார். துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஒரு சிறுமி என் சட்டையை இழுத்து, "டீச்சர், இங்க இன்னும் ஈரமா இருக்கு" என்றாள். துடைத்தேன். அன்று மதியம்வரை வகுப்பும் எடுத்தேன். என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று கேட்டால் தெரியாது.

இதை வாசிப்பவர்களில் அவரோடு பயிற்சியில் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பரமசிவம் அண்ணன் இருபத்திரண்டு ஆண்டுகள் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டிகளை எடுத்து லாரியில் வைக்கும் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே பார்த்ததில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. இனி ஏறக்கூடாது என்றார் மருத்துவர். நாற்பத்தொன்பது வயதில் பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. கப்பல் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டிருந்தேன். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுதான். அதனால் நாங்கள் இருவரும் முதல் நாளே ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தோம்.

அந்த வாரச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து தேக்கா உணவங்காடிக்குச் சாப்பிடப் போனோம். "ஏன் அண்ணே இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வேலை தேடித் தர்ற இடத்துல மூணு கோர்ஸ் காட்டினாங்கம்மா. சமையல், செக்யூரிட்டி, பாலர் பள்ளி. சமையல் நமக்கு வராது. செக்யூரிட்டின்னா மறுபடியும் தனியா உட்காரணும். மிச்சம் இதுதான்லா."

அதே கேள்விக்கு நான் ஒரு நீண்ட பதில் வைத்திருந்தேன். வாழ்க்கையின் அர்த்தம், அடுத்த தலைமுறை என்றெல்லாம் வரும். உறவினர் வீடுகளில் பலமுறை சொல்லிப் பழகியது. அவர் பிரியாணியைப் பிசைந்துகொண்டே சொன்ன பதிலுக்குப் பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு அந்த ஆபீஸ் சலிச்சுப் போச்சு அண்ணே, அவ்வளவுதான்" என்றேன். அந்த உண்மையை நான் ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

"அது போதுமேம்மா. இதுக்கு மேல எதுக்குக் காரணம்?" என்றார்.

பள்ளியில் இருந்து பழகும் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பாலர் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்து "வணக்கம் பிள்ளைகளே!" என்றார். துறைமுக இரைச்சலில் வளர்ந்த குரல். ஒரு குழந்தை அழுதது. அதைப் பார்த்து இன்னும் மூன்று. பிறகு மொத்த வகுப்பும். அவர் முகம் வெளுத்து வெளியே போனார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் எனக்கு முன்னால் வந்து, மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தார். காலை முழுவதும் வாயே திறக்கவில்லை. மெல்ல ஒரு பையன் வந்து அவர் முழங்காலில் ஒரு மரக்கட்டையை வைத்தான். இன்னொன்று வைத்தான். மதியத்துக்குள் அவர் மடியில் ஒரு வீடே எழும்பிவிட்டது.

"நேத்து நான் பேசினேன். இன்னிக்கு அவங்க பேசட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

குரலைத் தாழ்த்த அவர் பட்ட பாட்டைப் பிறகு அவர் மனைவி லெட்சுமி அக்கா சொல்லிச் சிரித்தார். அக்கா சமையலறையில் இருப்பார். அண்ணன் கூடத்தில் நின்று பாட்டுப் பாடுவார். "கேட்குதா?" என்பார். கேட்கிறது என்றால் இன்னும் தாழ்த்துவார். இரண்டு மாதம் இப்படி.

முதல் மதிப்பீட்டில் அவர் தேறவில்லை. ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அனுபவக் குறிப்பு எழுத வேண்டும். அவர் எழுதியது இரண்டே வரி: பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேணாம்மா. நீங்க எழுதினா பாஸ் ஆகிறது நீங்கதான். நான் இன்னொரு தடவை பெயில் ஆனா ஒண்ணும் ஆகாதுலா."

அகராதியோடு உட்கார்ந்து அவரே எழுதினார். எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தபோது அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். நான்கு மாதம் கழித்துத் தன்னுடையதைத் தனியாகப் போய் வாங்கிக்கொண்டார்.

இருவருக்கும் அதே பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் ஆண்டிலேயே ஒரு தாய் வந்து, ஓர் ஆண் ஆசிரியரிடம் தன் மகளை விட முடியாது என்றார். கதவு எப்போதும் திறந்திருக்கும், எந்தக் குழந்தையோடும் அவர் தனியாக இருப்பதில்லை, கழிவறைப் பக்கம் போவதே இல்லை என்றெல்லாம் தலைமையாசிரியை விளக்கினார். அந்தத் தாய் கேட்கவில்லை. அண்ணனைவிட எனக்குத்தான் கோபம் வந்தது. "சும்மா விடாதீங்க அண்ணே" என்றேன்.

"அவங்க பயம் அவங்க பிள்ளைக்காகம்மா. எனக்கு மகள் இருந்திருந்தா நானும் கேட்டிருப்பேன். கதவு திறந்தே இருக்கட்டும். யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வந்து பார்க்கட்டும்."

அந்தச் சிறுமி வேறு பள்ளிக்கு மாறிப் போனாள். தாய் மனம் மாறித் திரும்பி வரவில்லை. அன்று மாலை வெகுநேரம் அவர் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கதவுக்கு முட்டுக் கொடுக்க வீட்டிலிருந்து ஒரு மரக்கட்டை கொண்டுவந்தார்.

இரண்டாம் ஆண்டு நான் தளர்ந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு ஆசிரியர்கள் விலகியிருந்தார்கள். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பழைய மேலாளர் கூப்பிட்டு, "திரும்பி வாங்க, உங்க இடம் காலியாத்தான் இருக்கு" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாலையில் அண்ணனிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை.

"போறதுன்னா போங்கம்மா, தப்பே இல்ல. ஆனா களைப்புல போகாதீங்க. ஷிப்டு முடியிற நேரத்துலதான் நாங்க பெட்டியைத் தப்பா இறக்குவோம். திங்கட்கிழமை காலையில நல்லா தூங்கி எழுந்து பாருங்க. அப்பவும் போகணும்னு தோணினா, போய்ட்டு எனக்கு ஒரு போன் போடுங்க."

திங்கட்கிழமை எழுந்தேன். மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புக்கிட் பாஞ்சாங்குக்கே போனேன். அதன் பிறகு களைத்துப்போன நேரத்தில் நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

பிறகு நான் அதே பள்ளியின் பிடோக் கிளைக்கு மாறினேன். அவர் வீடு பிடோக்கில்தான். அவரும் எளிதாக மாறியிருக்கலாம். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தினமும் ரயிலில் போய்வந்தார். கேட்டால், "இந்தப் பிள்ளைங்க கே டூ முடிக்கட்டும்" என்பார். அவர்கள் பாலர் பள்ளியின் அந்தக் கடைசி வகுப்பை முடிப்பதற்குள் அடுத்த பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தபோது துறைமுகத்து நண்பர்கள் ஒரு பக்கமும் பாலர் பள்ளிப் பெற்றோர் மறுபக்கமும் நின்றார்கள். புக்கிட் பாஞ்சாங் தலைமையாசிரியை என்னிடம் வந்து, அவருடைய தமிழ் வகுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார். ஒன்பது பிள்ளைகள். எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் காலை மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது துணிச்சல் அல்ல. தொடக்கத்தில் அவருக்கே அது இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நடுத்தர வயதில், எல்லார் கண் முன்னாலும் ஒரு வேலையைத் தப்பாகச் செய்துவிட்டு, வெட்கத்தோடு வீட்டுக்குப் போய், மறுநாளும் நேரத்துக்கு வந்து நிற்பது. அதைத்தான் வைத்திருக்கிறேன். வேலை மாற எண்ணி என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

முதல் நாள் ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். "சிவம் சார் எங்க?" என்றான் ஒருவன்.

"சிவம் சார் இறந்துட்டாருப்பா. இனிமே வரமாட்டாரு."

குரல் உடைந்துவிட்டது. ஒரு சிறுமி அழ ஆரம்பித்தாள். பாட நினைத்த பாட்டைத் தொடங்கினேன். பாதியில் வரி மறந்துபோனது. சிவம் சாரைக் கேட்ட பையன் எழுந்து என் அருகில் வந்தான்.

"நீங்க நாளைக்கு வருவீங்களா?"

"வருவேன்" என்றேன்.