சிவப்புக் கோட்டுக்குக் கீழே

கொழும்பில், வெள்ளவத்தைக் கடற்கரையில் எந்நேரமும் குடைக்குள் காதலர்கள் என்று எரிச்சல்பட்டு, பென்சன் எடுத்த அப்பா காலை நடைக்கு பஸ் ஏறிப் போனது, உலகப்போரில் இறந்த அந்நிய நாட்டுச் சிப்பாய்களின் மயானத்துக்கு. புல் ஒழுங்காக வெட்டியிருக்கும். யாரும் வீண்கதை கதைக்க மாட்டார்கள்.

மயானத்துச் சிற்றாலய வாசலில் பார்வையாளர் புத்தகம் ஒன்று கிடந்தது. முப்பது வருடம் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்தவருக்கு அது, வேலைக்கு வருகிறவர்கள் ஒப்பமிடும் வரவு இடாப்பாகத்தான் தெரிந்தது. தினமும் நேரம் போட்டுக் கையெழுத்திடுவார். எட்டரைக்குச் சிவப்புக் கோடு கீறுவார். அதற்குக் கீழே கையெழுத்திடுகிறவர் பிந்தி வந்தவர்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். தமையனின் கல்லறையை முதல் தடவையாகப் பார்க்கக் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, கோட்டுக்குக் கீழே பெயரை எழுதினாள்.

"அவவுக்குமோ கோடு, அப்பா?" என்றேன்.

"நாப்பது வருசம் பிந்தி வந்திருக்கிறா. வேறென்ன செய்யிறது?"

அப்பா கனடாவில், என் தம்பி வீட்டில் காலமானார். எனக்கு விசா கிடைக்க ஏழு மாதம் சென்றது. சாம்பல் கரைத்த ஏரிக்கரைக்குத் தம்பி கூட்டிப்போனான். அங்கே கையெழுத்திடப் புத்தகம் எதுவும் இல்லை. நல்லகாலம்.