பியர்க் கடையில் கண்ட அண்ணை

பேர்லினில் பகல் முழுவதும் ஓர் அரண்மனையில் பீங்கான் பொருட்கள் வைத்திருந்த அறைகளைச் சுற்றிக் களைத்து, கணவரின் ஆசைக்காக ஒரு பியர்க் கடைக்குள் போனோம். கைக்குழந்தையோடு இங்கே வரலாமா என்று யோசித்தபடியே உட்கார்ந்தேன்.

பரிமாற வந்தவரைக் கண்டதும் திக்கென்றது. நரைத்த மீசை, நெற்றியில் பாதி அழிந்த திருநீறு. நம்மவர். நான் பியர்க் கடைக்கு வந்தது மாமியின் காதுக்குப் போய்விடுமே என்று பயந்து ஜெர்மன் மொழியிலேயே ஆப்பிள் சாறு கேட்டேன். அவரும் ஜெர்மனிலேயே பதில் சொன்னார். எந்த மேசையிலும் கிளாஸின் அடியைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தார்.

குழந்தை சிணுங்கியது. சூடாக்கித் தரும்படி அவரிடம் பால்போத்தலை நீட்டினேன். சூடாக்கிக் கொண்டுவந்தவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நான் உங்களைக் காணேல்லை. நீங்களும் என்னைக் காணேல்லை. கோயிலிலை நான் பேக்கரியிலை வேலை எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

சிரித்துவிட்டேன். அவர் கோயிலில் அப்படிச் சொல்லி வைத்திருப்பது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்ன பொய்யா என்று இன்றும் யோசிக்கிறேன்.