கட்டைக்கு அடியில் மாட்டும் ரப்பர்

காலை ஏழு மணிக்குத் திருமங்கலத்தில் மதுரை பஸ் ஏறினேன். எனக்குப் போலியோ கால். கக்கத்தில் இரண்டு கட்டை ஊன்றி நடக்கிறவள். கட்டைக்கு அடியில் மாட்டும் ரப்பர் மூடி வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் ரேஷன் கடை ஈரத்தில் அது வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மணிக்கட்டு ஒடிந்தால் கட்டை பிடிக்க முடியாது. வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். மூடி வாங்கிய மெடிக்கல் கடையில் கேட்டதற்கு, செய்கிற இடம் மதுரை அவனியாபுரம் என்றார்கள். அங்கேயே போய்க் கேட்கக் கிளம்பினேன்.

பசுமலை தாண்டிப் பெரியார் நிலையம் சேர ஒரு மணி நேரம். அங்கிருந்து விமான நிலையப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"எங்கக்கா, பிளேன் ஏறப் போறீகளா?" என்றார் டிரைவர்.

"சண்டைக்குப் போறேன்."

"அப்ப வாசல்லயே இறக்கி விடுறேன்."

ஒன்பது மணி. தகரக் கொட்டகை. உள்ளே கந்தக நெடி. இரண்டு இரும்பு உருளைக்கு நடுவே ரப்பர் நசுங்கிக்கொண்டிருந்தது. மிஷின் ஓட்டுகிறவர் கோரிப்பாளையத்து பாய். விழுந்ததைச் சொன்னேன். என் கட்டையின் மூடியில் நகத்தை அழுத்தினார். தடம் அப்படியே நின்றது.

"வேகலக்கா. கந்தகம் சேத்துச் சூட்டுல வெந்தாத்தான் ரப்பர் இறுகும். அச்சுல பத்து நிமிஷம் இருக்கணும். மொதலாளி நாலுல எடுக்கச் சொல்றாக. மலிவுக்குச் சுண்ணாம்புப் பொடி வேற அம்புட்டுக் கலக்குறாக."

"கடையில செயற்கை ரப்பர்ன்னாக. அதான் வழுக்குதுன்னு நெனச்சேன்."

"அது மேல குத்தமில்ல. முறையாச் செஞ்சா அதுவும் பிடிக்கும்."

முதலாளி வந்தார். முப்பது வயது இருக்கும்.

"பத்து நிமிஷம் வச்சா பாதிச் சரக்குதான் வரும்க்கா. எம்புட்டுப் பேரு வாங்குறாக. நீங்க ஒருத்தரு மட்டுந்தான் கேட்டு வந்திருக்கீக."

தரையில் தண்ணீரை ஊற்றினேன். சுவரில் சாய்ந்துகொண்டு கட்டைகளை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க நடந்து காட்டுங்க தம்பி."

"எனக்கெதுக்குக்கா? கால் நல்லாத்தான இருக்கு."

நான் வாசலை மறித்து உட்கார்ந்தேன். சரக்கு ஏற்ற வந்த வேன் வெளியே ஹாரன் அடித்தது. அரை மணி நேரம் அடித்தது.

"இவகளுக்கு மட்டும் ரெண்டு நல்லதாப் போட்டுக் குடுங்க பாய்" என்றார் முதலாளி.

பாய் சுண்ணாம்பு சேர்க்கவில்லை. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம் கழித்து எடுத்தார். ஆறியதும் மாட்டி, திரும்பவும் தரையில் தண்ணீர் ஊற்றி நடந்தேன். பிடித்தது.

நான் வாசலை விட்டு விலகியதும் வேனில் மூட்டைகள் ஏறின. எல்லாம் நாலு நிமிஷச் சரக்கு. அதை வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேரால் பஸ் ஏறி இங்கே வர முடியாது. ஊர் திரும்பும்வரை அதையே நினைத்தேன். எனக்கு இரண்டை வாங்கிக்கொண்டு, அந்த வேனுக்கு வழி விட்டவள் நான்.