அலமாரிக்குள் ஒரு ஸ்டுடியோ

நாற்பது வயதுக்கு மேல் கிடார் கற்றுக்கொண்டவன் நான். என் பாட்டு இல்லாமல் உலகம் இனியும் கஷ்டப்படக் கூடாது என்று ஒருநாள் முடிவு செய்து, கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் நண்பனிடம் யோசனை கேட்டேன்.

"கண்டென்சர் மைக் வாங்கு மச்சி. ஊசி விழுந்தாகூட எடுக்கும்" என்றான்.

எங்கள் மந்தைவெளி வீட்டில் ஊசியைத் தவிர மற்ற எல்லாமே விழும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் பெட்டியும், ஹெட்போனும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை படுக்கையறையில் எல்லாவற்றையும் பொருத்தி, நானே எழுதிய காதல் பாட்டொன்றைப் பாடினேன். திரும்பப் போட்டுக் கேட்டால் மின்விசிறி கடகடத்தது, குக்கர் கூவியது, தெருவில் பழைய பேப்பர்காரர் கூப்பிட்டார். நடுவே மாடி வீட்டு மாமியின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல:

"கீழாத்துல யாருக்கோ பல்வலி போலருக்கு. பாவம், கார்த்தாலேருந்து முனகிண்டே இருக்கா."

"பல்வலி இல்லடி, பாட்டு. கூடவே கிடார் கேக்கறதே" என்றார் மாமா.

அவமானம் ஒருபுறம் இருக்க, மைக்கின் துல்லியம் என்னை அசத்திவிட்டது. நண்பனுக்கு போன் போட்டேன்.

"நிறைய துணி இருக்கற இடமா பாத்துப் பாடு மச்சி. வெளிச்சத்தம் அடங்கும்."

அப்படி ஓர் இடம் மனைவியின் பட்டுப்புடவை அலமாரிதான். மைக்கை உள்ளே நிறுத்தி, புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்தேன். சித்திரை மாதம், மின்விசிறியையும் அணைத்திருந்தேன். அந்துருண்டை நெடியில் இரண்டாவது சரணத்தை எட்டியபோது பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"என்னங்க தேடறீங்க?"

"பாடறேன்."

"சரி, புடவைல வேர்வை படாம பாடுங்க" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அந்தப் பதிவில் துளி இரைச்சல் இல்லை. குரல் மட்டும் தனியாக நின்றது. அது சுருதியைத் தேடிப் போவதும், கிடைக்காமல் திரும்பி வருவதும் அத்தனை தெளிவாகக் கேட்டன. இந்தக் குரலோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், ஒருநாள்கூட நேருக்கு நேர் சந்தித்ததில்லை.

நண்பனுக்கு அனுப்பினேன். "மைக் செம மச்சி" என்று பதில் வந்தது. பாடியவனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இப்போது கிடாரை மட்டும் பதிவு செய்கிறேன். போன வாரம் மனைவி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டாள். "இது நல்லாருக்குங்க" என்றாள். மனசுக்காகப் பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.