நாற்பத்திரண்டாவது மக்

இது நடந்தது. ஸ்காபரோவில், போன பெரிய வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. கிளிபோட் இதைச் சொன்னபோது அவன் மனைவி யூஜினியும் பக்கத்தில் இருந்தாள். ஓரிடத்திலும் அவள் குறுக்கிடவில்லை. அவன் புளுகினால் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவள்.

கிளிபோட் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிப்பவன். அங்கே நாற்பத்தொரு அப்பிள் மக் கணினிகள். எந்தெந்தக் கணினி எங்கே இருக்கிறது, யார் பாவிக்கிறார் என்ற முழுப் பட்டியலும் திங்கள் காலை மேலாளர் றிச்சர்டின் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு நிரல் இருக்கிறது. எஸ்.எஸ்.எச். என்ற வழியால், எழும்பி நடக்காமலே ஒவ்வொரு கணினிக்குள்ளும் அது நுழையும். விபரம் கேட்டுக்கொண்டு வரும். ஆனால் வியாழன் மாலை அதற்கு முப்பத்துமூன்று கணினிகள்தான் பதில் சொல்லியிருந்தன.

அதனால்தான் ஊரே கோயிலில் இருந்த நாளில் அவன் வேலைக்குப் போனான்.

புதுக் கணினி ஒன்றைக் கண்டால் எஸ்.எஸ்.எச். ஒரு கேள்வி கேட்கும். ‘இதை எனக்குத் தெரியாது. தொடரவா? யெஸ், நோ.’ பக்கத்து மேசையில் நான்கு வருடம் இருந்த றொய்சன் இந்தக் கேள்விக்குக் கைப்பழக்கத்தில், யெஸ்ஸுக்குப் பதிலாக, ஆங்கில எழுத்தில் ‘ஓம்’ என்று தட்டிவிடுவான். யெஸ் அல்லது நோ எழுதச் சொல்லி இயந்திரம் திருப்பிக் கேட்கும். “உதுக்கு எங்கட தமிழ் விளங்காது மச்சான்” என்று சிரிப்பான். அவன் ஃபோன் அடித்தால் சேவல் கூவும். முழு அலுவலகமும் திரும்பிப் பார்க்கும்.

போன நவம்பரில் றொய்சன் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான். அவன் திறந்தபடி விட்டுப்போன கணினியில் இருந்து கிளிபோட் அவசரத்தில் ஒரு கட்டளையை ஓடவிட்டான். பழைய கோப்புகளை அழிக்கும் கட்டளை. பட்டியல் மாறிப்போய், பதினொரு பேரின் மாதக்கணக்கான வேலை அழிந்தது. பதிவில் நின்றது றொய்சனின் பெயர்.

றிச்சர்ட் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டான். “நான் இல்லை” என்றான் கிளிபோட். றொய்சன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றே றொய்சனின் வேலை போனது.

பிறகு அவனுக்குக் கிடைத்தது பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. ஜனவரியில் ஒரு விடியற்காலை, பனி கொட்டிய நானூற்றொன்று நெடுஞ்சாலையில், வீடு திரும்பிய அவன் கார் ஒரு ட்ரக்கின் அடியில் போனது. கிளிபோட் செத்தவீட்டுக்குப் போகவில்லை. மலர்வளையம் அனுப்பினான். நான் அவனுக்காகப் பரிந்து பேச வரவில்லை. செய்த காரியம் கேவலமானது. அது வெளியே தெரியக்கூடாது என்பதுதான் ஐந்து மாதமாக அவனுடைய ஒரே கவலை.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

பிற்பகல் 1:48. அலுவலகத்தில் ஒரு குருவியும் இல்லை. பதில் சொல்லாத எட்டு மக்குகளையும் மேசை மேசையாகப் போய்ப் பார்த்தான். ஐந்து தூங்கிக்கொண்டிருந்தன, தட்டி எழுப்பினான். இரண்டில் வெளியில் இருந்து நுழைய அனுமதிக்கும் சுவிட்ச் அணைந்திருந்தது. ஒன்றில் பழைய கடவுச்சொல். இந்த வேலையெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

2:31. யூஜினி கோயிலில் இருந்து ஃபோன் எடுத்தாள்.

“வரேல்லையோ?”

“மூண்டுக்கு முன்னம் வந்திடுவன்.”

“சிலுவைப் பாடுகள் வாசிக்கத் தொடங்கீட்டினம்.”

வைத்துவிட்டாள்.

2:36. மறுபடி ஓடவிட்டான். எல்லாமே பதில் சொல்லின. கீழே எண்ணிக்கை வந்தது.

நாற்பத்திரண்டு.

கடைசி வரியைப் பார்த்தான். பெயர்: றொய்சனின் மக். பாவனையாளர்: றொய்சன். நிலை: உள்ளே இருக்கிறார். மின்னிணைப்பு: இல்லை. பற்றரி: இல்லை. இயந்திரத்தின் சூடு: நான்கு பாகை.

மற்ற மக்குகள் எல்லாம் முப்பதுக்கு மேலே காட்டின.

றொய்சன் தன் சொந்த மக்கையும் வேலைக்குக் கொண்டு வருவான், அது உண்மை. அந்தப் பெயரைப் பட்டியலில் இருந்து அழித்தது கிளிபோட்தான். பழைய பதிவு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். இணைப்புப் பெட்டியைப் போய்ப் பார்த்தான். றொய்சனின் மேசைக்குப் போகும் வயரின் பச்சை விளக்கு மினுங்கியது. மேசையடியில் குனிந்தான். வயரின் மறுநுனி எதிலும் செருகாமல் நிலத்தில் கிடந்தது...

கையில் எடுத்தான். குளிர்ந்தது. நுனியில் ஈர மண்.

2:44. திரும்பி வந்து நிரலை நிறுத்தினான். அந்த இயந்திரத்துக்குள் தானே நேரே போகப் பார்த்தான். கேள்வி வந்தது.

‘இதை எனக்குத் தெரியாது. தொடரவா?’

நோ என்று தட்டினான். நோ என்றால் இணைப்பு அறுந்துவிட வேண்டும்.

அறவில்லை.

அடுத்த வரி தானாக எழுதப்பட்டது. ஆங்கில எழுத்தில் தமிழ். றொய்சன் எப்போதும் செய்தி அனுப்புகிற மாதிரி.

‘என்னைத் தெரியுமோ?’

யாரோ விளையாடுகிறான் என்று கிளிபோட் நினைத்தான். அப்படி நினைக்கத்தான் விரும்பினான்.

நோ.

2:49.

‘நீதானே அழிச்சனி?’

யாருக்கும் தெரியாத விசயம் அது. யூஜினிக்குக்கூடச் சொன்னதில்லை.

நோ.

கொக்கரக்கோ...

பின்னாலிருந்து. றொய்சனின் மேசையிலிருந்து.

போய் மேசை லாச்சியை இழுத்தான். வெறுமையாக இருந்தது. வெறும் லாச்சிக்குள் சேவல் கூவியது.

2:53. கதவுக்கு ஓடினான். கதவுப்பூட்டில் தன் நுழைவு அட்டையை வைத்தான். சிவப்பு. மறுபடி வைத்தான். சிவப்பு.

பின்னால் திரைகள் விழித்தன. ஒன்று... மூன்று... பத்து...

நாற்பத்தொன்றும்.

எல்லாவற்றிலும் ஒரே வரி.

‘நீதானே?’

கொக்கரக்கோ...

“என்ன வேணும் உனக்கு?”

சேவல் நின்றது.

2:58.

கிட்டிய கணினிக்கு ஓடி, அதன் முன் முழங்காலில் இருந்தான். யெஸ் என்றுதான் தட்ட நினைத்தான். விரல் வேறு இரண்டு எழுத்துகளைத் தேடிப் போனது.

ஓம்.

இயந்திரம் திருப்பிக் கேட்கவில்லை.

ஏற்றுக்கொண்டது.

திரைகள் அணைந்தன. கதவில் பச்சை விளக்கு. மணி சரியாக மூன்று.

அதோடு விட்டது என்று நினைத்தான், பாவம். திங்கள் காலை றிச்சர்ட் கூப்பிட்டான். பட்டியல் வெள்ளி மூன்று மணிக்குத் தானாகவே அவனுக்குப் போயிருந்தது. நாற்பத்திரண்டாவது வரியில் நவம்பர் மாதக் கட்டளையும் அதன் நேரமும். அருகே கிளிபோட்டின் பெயரில் நான்கு பதில்கள். நோ, நோ, நோ, ஓம்.

றிச்சர்டுக்குத் தமிழ் தெரியாது. “ஓம் என்றால் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

தப்புவதற்கு நல்ல வாய்ப்பு. தியானத்தில் சொல்லும் மந்திரம் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். கிளிபோட் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சுவருக்கு அந்தப் பக்கம், மிக மெதுவாக, சேவல் ஒரு தரம் தொண்டையைச் செருமியது.

“யெஸ் என்று அர்த்தம்” என்றான்.

மத்தியானத்துக்குள் அவனும் வெளியே.

அன்று பின்னேரமே அவன் ரூஜுக்குப் போனான். றொய்சனின் தங்கை நிரோஷினி அங்கேதான் இருக்கிறாள். கதவுக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

“அந்த மக் இப்ப எங்க?” என்று கேட்டான்.

“அண்ணாவோட. சவப்பெட்டிக்குள்ள வைச்சுத்தான் தாட்டனாங்கள். அம்மா விடேல்லை.”

கிளிபோட்டுக்கு அந்த நான்கு பாகை ஞாபகம் வந்தது. ஏப்ரலில் மண்ணுக்குக் கீழே அவ்வளவுதான் சூடு.

“பற்றரியோட வைக்கக்கூடாதெண்டு அடக்கம் செய்யிற ஆக்கள் சொன்னவை. கழட்டி எடுத்தனாங்கள்.”

உள்ளே போனாள். துவாயில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். தட்டையான கறுத்தப் பற்றரி. மூன்று மாதமாக எதனோடும் பொருத்தப்படாமல் கிடந்தது.

துவாயையும் தாண்டிச் சுட்டது.

“வெள்ளிக்கிழமை மூண்டு மணியில இருந்து இப்பிடித்தான், அண்ணை. ஏனெண்டு எனக்கு இப்பதான் விளங்குது” என்றாள் நிரோஷினி. “இனி நீங்களே வைச்சிருங்கோ.”

கதவைச் சாத்தினாள்.

இரண்டு தரம் அதை எறிந்துவிட்டு வந்தான். இரண்டு தரமும் அது காரின் முன்சீட்டில் இருந்தது. இப்போது அவன் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறான். வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. விடியற்காலையில் நானூற்றொன்றால்தான் வீடு திரும்புகிறான். பனிக்காலம் தொடங்க இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன.

பற்றரி இன்னும் ஆறவில்லை.